ஏழு கற்கள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு அழுவதற்கும் அரைமணி நேரம்தான். அதற்குமேல் நின்றால் சாப்பாடு ஆறிவிடுமாம்.

பாலாற்று மணலில் நின்று பெரியவர் முணுமுணுத்தார். காரியத்துக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் வேனில் ஏறிவிட்டது.

பதினாறு நாளாக அவர் மனைவி பூங்காவனம் ஒரு கல்லில் இருந்தாள். அப்படித்தான் சொன்னார்கள். உள்ளங்கை அகலக் கல். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தினமும் பால் ஊற்றி, சோறு படைத்தார்கள். அவருக்கு அதில் ஒரு பருக்கை நம்பிக்கை கிடையாது.

இன்றைக்கு அந்தக் கல்லை ஆற்றில் விட வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் இல்லை.

மகன் கல்லைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினான். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவர் பின்னாலேயே வந்துவிடுவாராம். எல்லோரும் பார்க்காமல் நடந்தார்கள். அவரும்தான்.

தொப்பென்று ஒரு சத்தம். தண்ணீரில் விழுகிற சத்தம் இல்லை அது.

அதுதான் அவரை வேனில் ஏற விடவில்லை.

காலையில் மாப்பிள்ளை இட்லியைப் பிட்டுக்கொண்டே ஒரு சங்கதி சொன்னார். காலேஜில் பாடம் எடுக்கிறவர். கல், மண், இரும்பு எல்லாவற்றுக்குள்ளும் துளியூண்டு உணர்வு இருக்கலாமாம். உயிர் வந்தபிறகு வந்து சேருவதில்லையாம் அது. பொருள் என்று ஒன்று இருந்தாலே கூடவே இருப்பதாம். பெரிய படிப்பாளிகள் பேசிக்கொள்கிறார்களாம்.

"அப்ப இட்லிக்கும் வலிக்குமே மாப்ள. பாத்துக் கடிங்க."

துக்க வீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டுச் சொன்னார். "இருக்குதுன்னு சொல்லல மாமா. இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியல, அவ்ளோதான்."

பூங்காவனம் இருந்திருந்தால் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்திருப்பாள். அடுப்பைத் திட்டுவாள். வராத குழாயிடம் கெஞ்சுவாள். அதுக்குக் காது இருக்குதா என்று அவர் கேட்டால், உனக்கு மட்டும் இருக்குதா என்பாள்.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் கேட்டாள்.

கொடுக்கக் கூடாது, புரை ஏறிவிடும் என்றாள் நர்ஸ். பால்காரனை நம்பாதவர், பஸ் கண்டக்டரை நம்பாதவர், அன்றைக்கு நர்ஸை நம்பினார். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்.

அவள் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

விடவில்லை.

அவர்தான் பிடுங்கினார்.

கல் விழுந்த பக்கம் நடந்தார். மஞ்சள் பூசிய கல் ஒன்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குனிந்து எண்ணினால் ஏழு. ஊரே இங்கேதான் கொண்டுவந்து வீசுகிறது. யாருடைய அம்மாவோ, யார் வீட்டுக்காரனோ. பொட்டெல்லாம் மணலில் உரசி உதிர்ந்துவிட்டது, இன்றைக்கு விழுந்ததிலும்கூட.

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாமே ஒரே மாதிரி சுட்டது.

பதினாறு நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு நாளாவது சரியாகப் பார்த்து வைத்திருக்கலாம்.

கையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. அவர் குடிப்பதற்கு மகன் வாங்கிக் கொடுத்தது.

முதல் கல்லுக்கு ஊற்றினார். இரண்டாவதற்கு ஊற்றினார். எவனோ ஒருவனின் அப்பனுக்கும் சேர்த்துத்தான் ஊற்றுகிறோம் என்று கோபம் வந்தது. ஆனாலும் ஊற்றினார். ஏழாவதற்கு வந்தபோது சொட்டுத் தண்ணீர்தான் மிச்சம். ஒருவேளை இதுதான் அவளோ என்று, பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி விட்டார்.

காத்திருந்தார்.

கற்கள் நனைந்தன. கறுத்தன. காய்ந்தன.

வேன்காரன் ஆரன் அடித்தான்.

"கல்லுக்கு இன்னா தெரியும்," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருடைய தொண்டை வறண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பதையும் அவர் நம்பவில்லை.

கரை ஏறுவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.