திறக்க அனுமதி இல்லை

"ஏன்னா, இந்த வாரமும் பர்மிஷன் இல்லைங்கறது! செத்த வாங்கோளேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி மீனாக்ஷி குரல் கொடுத்தாள். பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சேஷன் உடனே எழுந்து வரவில்லை. கூப்பிட்டவுடன் ஓடி வந்தால் அதிகாரிக்கு என்ன மரியாதை? பேப்பரை மடித்தார், கண்ணாடியைத் துடைத்தார், அப்புறம்தான் வந்தார்.

"எந்த ஃபோல்டர்?"

"தமிழ் வகுப்பு."

"எதுக்கு?"

"எதுக்கா! நாலு மணிக்குக் குழந்தைகள்ளாம் வந்துடும். பாடத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டாமா?"

"அச்சா, அச்சா. எதையும் முறையா கேக்கணும், அவ்வளவுதான்."

இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். ஃபோல்டர் திறந்தது.

"பாத்தியா? பன்னண்டு வருஷ மெஷின்! என் பர்மிஷன் இல்லாம இதுல ஒரு ஃபைல் அசையாது. அதான் இன்னிக்கு வரைக்கும் ஒரு வைரஸ் எட்டிப் பாக்கலை."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, தயிர் வாங்கக் கிளம்பிப் போனார்.

சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகள் ஸ்ம்ருதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குர்கானில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புதான் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் ஒருவாய் சாப்பிடலாம் என்று மெட்ரோ பிடித்து மயூர் விஹார் வந்தால், இங்கே இந்தக் கூத்து!

"ஹத் ஹோ கயி, அம்மா! எதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? உன் பாடத்தை நீ திறக்கறதுக்கு அவர்கிட்ட கெஞ்சணுமா?"

"கெஞ்சலைடி. கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ரிடயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. ஆபீஸை அப்படியே ஆத்துக்குள்ள கொண்டு வந்து வெச்சுண்டிருக்கார். அவர் பெரிய ஆபீசர், நீ மனு குடுக்கறவ!"

மீனாக்ஷி சிரித்துக்கொண்டே பிரிண்டரில் காகிதத்தைச் சொருகினாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து, தமிழை எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத காலனிக் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் அவள்தான் டீச்சர். பாடம் முழுக்க அவளே எழுதினது.

பிரிண்ட் வந்து முடிந்ததும் ஸ்ம்ருதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தள்ளு. இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்."

முதலில் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினாள். டில்லித் தூசி அள்ளி எடுக்கிற அளவுக்கு இருக்கும் என்று நினைத்தாள். உள்ளே ஃபேன் பளிச்சென்று இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்த்தாள். வேண்டாத ஃபைல் ஒன்றுகூட இல்லை, அப்டேட் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. பரவாயில்லையே அப்பா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலைப் பார்த்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

"அம்மா, ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டு அனுமதி குடுத்தா உன் பேர் இந்தப் பட்டியல்ல ஏறிடும். அப்புறம் அது நிரந்தரம். மறுபடி கேக்கவே கேக்காது. வாரா வாரம் கேக்கறதுன்னா, வாரா வாரம் யாரோ உன் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடறா. வேணும்னே! அப்பா இவ்வளவு அல்பமா? வரட்டும், கேக்கறேன்."

அம்மாவின் பேருக்கு எதிரே முழு அதிகாரம் என்று போட்டாள். அப்பாவின் பாஸ்வேர்டைக் கேட்கும் என்று பார்த்தாள். கேட்கவே இல்லை.

"ஐயோ, அதுல ஏன்டி கை வெச்சே?" மீனாக்ஷி பதறிப்போய் வந்தாள். "பழையபடி மாத்து. அவர் வந்துடுவார்."

"ஏம்மா இப்படிப் பயந்து சாகறே?"

"பயமா? எனக்கா?" மீனாக்ஷி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "உங்கப்பாவுக்கு மௌஸ் பிடிக்கவே நான்தான் கத்துக் குடுத்தேன். தூசி தட்டறது, அப்டேட் போடறது எல்லாம் யாருன்னு நெனச்சே? அவருக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு தெரியும். அதுவும் நான் வெச்சுக் குடுத்தது!"

"அப்புறம் எதுக்கும்மா அவர்கிட்ட போய்க் கேக்கறே?"

"லோதி ரோடு ஆபீஸ்ல அவர் கையெழுத்து இல்லாம ஒரு காகிதம் நகராதுடி. யார் வேலையையும் ஒருநாள் இழுத்தடிச்சதில்லை, யார்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை. எனக்கு அதுல எத்தனை பெருமை தெரியுமா! ரிடயர் ஆன முதல் திங்கட்கிழமை ஷேவ் பண்ணிண்டு, இஸ்திரி சட்டையைப் போட்டுண்டு, பேனாவையும் சொருகிண்டு வந்து சோபால உக்காந்தார். மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தார். அப்புறம், 'மீனு, இனிமே என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா, இல்லையா?'ன்னார்."

மாடிப்படியில் சேஷனின் செருப்புச் சத்தம் கேட்டது.

மீனாக்ஷி மகளை ஒதுக்கிவிட்டு மௌஸைப் பிடித்தாள். சரசரவென்று பட்டியலைத் திறந்து, தன் பேரைத் தானே எடுத்தாள்.

"வாரா வாரம் எடுக்கறது அவர் இல்லைடி, நான்தான். இல்லைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட நான் என்னத்தைக் கேக்கறது?"