ஆறாத லாரி

ரஷ்யாவின் யாகுட்டியாவில், வடகோடியில் இருக்கும் வைரச் சுரங்கத்துக்கு மெக்கானிக் எர்ச்சிமென் போனான். போன குளிர்காலத்தில் பனிச்சாலையில் எஞ்சின் நின்று, ஓட்டுநரோடு உறைந்துபோன லாரியை அவன் பிரித்தெடுக்க வேண்டும். அந்த ஓட்டுநர் அவனுடைய தம்பி தோல்பன். வேறு யார் கையும் அதில் படக்கூடாதென்று அவனே கேட்டு வாங்கிய வேலை அது.

வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர். சுரங்கத்துக் கொட்டகைக்குப் பின்னால் மற்ற லாரிகளின் மேல் உறைபனி அப்பியிருந்தது. அங்கே இழுத்துவந்து நிறுத்தியிருந்த தம்பியின் லாரியில் மட்டும் இல்லை. எர்ச்சிமென் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் கதவைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

"எஞ்சினை யாராவது போட்டீங்களா?"

"பேட்டரியையே கழட்டியாச்சேப்பா," என்றார் காவலாளி கவ்ரில். "எப்பவும் இப்படித்தான் இருக்கு. நாய்ங்க வந்து அடியில படுத்துக்கும். நாங்க விரட்டுறதில்ல."

"இந்தச் சூடு அன்னைக்கு எங்கண்ணே போச்சு?"

கவ்ரில் குனிந்து, லாரிக்கு அடியில் படுத்திருந்த நாயை மெல்ல வெளியே அழைத்தார்.

எர்ச்சிமென் ஒவ்வொன்றாகக் கழற்றினான். பனியில் வைத்ததும் ஒவ்வொரு பாகமும் சில்லிட்டுப்போனது. கடைசியில் ஓட்டுநர் இருக்கை மட்டும் மிஞ்சியது. யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் அது சூடாக இருந்தது.

"அதையும் எடுத்துடுப்பா. உன்னைக் கூட்டிட்டுப் போக ஹெலிகாப்டர் வந்துடும்," என்றார் கவ்ரில்.

"கொஞ்சம் இருங்கண்ணே."

அவன் ஏறி அதில் உட்கார்ந்தான். அவனுக்குக் கீழே இருக்கை மெல்ல மெல்ல ஆறியது. முழுதும் சில்லிட்ட பிறகும் வெகுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை.