ஓடத்தின் தக்கை

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு மாலை, பொழுது சாயும் வேளையில், ஆற்றுத்துறைக்குப் புதிதாக வந்த பலகை ஓடத்தைத் தோல் பரிசல் உற்று நோக்கியது.

“உன் அடியில் ஏன் ஒரு தக்கை செருகியிருக்கிறது?”

“கரையேற்றியபின் அதைப் பிடுங்குவார்கள், அண்ணா. உள்ளே தேங்கிய மழைநீர் வடிந்துவிடும்.”

“யோக்கியன் எவனாவது தன் வயிற்றில் ஓட்டை வைத்துக்கொள்வானா? எதையோ ஒளிக்கிறாய்.”

ஓடம் சிரித்தது. “நீங்கள் வந்த புதிதில், ‘இவனுக்கு ஏன் குழிந்த வயிறு? சரக்கைப் பதுக்கவா?’ என்று கட்டைத் தெப்பம் கேட்டதாமே!”

“அந்தக் கிழத்துக்குப் பொறாமை” என்றது பரிசல்.

ஓடம் கண்ணயர்ந்ததும் பரிசல் துறையோரத்து நண்டு ஒன்றை அழைத்தது. “தம்பி, அந்தத் தக்கையைப் பிடுங்கு. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுவோம்.”

நண்டு தன் கொடுக்கால் பிடுங்கியது. ஆற்றுநீர் உள்ளே புகுந்தது, ஓடம் மூழ்கியது.

“அண்ணா, உள்ளே ஒன்றுமே இல்லையே!”

“அப்படியானால் முன்பே அப்புறப்படுத்திவிட்டான்.”

ஓடம் சுமக்கவிருந்த ஆடுகளையெல்லாம் மறுநாள் முதல் பரிசலே சுமந்தது. தை பிறப்பதற்குள் குளம்புகள் அதன் தோலைக் கிழித்துவிட்டன. தைக்க வந்த ஊசியைப் பரிசல் ஏற இறங்கப் பார்த்தது.

“உன் காதில் ஏன் ஓட்டை?” என்று கேட்டது.