ஒரே ஒரு கல்

"ஃபிராடு சார்! பன்னிரண்டு வருஷமா நம்மளை முட்டாளாக்கியிருக்கான்."

உதவி ஆசிரியை இரண்டு புகைப்படங்களை ஆசிரியரின் மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அடித்தாள் என்றால் பொருத்தமாக இருக்கும்.

அவர்கள் நடத்துவது பழைய வீடியோ கேம்களுக்கான மாத இதழ். அடுத்த மாதம் முதல் அச்சு கிடையாது. ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம். அதற்காகப் பழைய இதழ்களையெல்லாம் அவள் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுடைய சொந்தப் பக்கமே அவள் காலை வாரிவிட்டது.

வாசகர்கள் வீட்டில் ஆடி, டிவி திரையைப் படமெடுத்துத் தபாலில் அனுப்பும் 'உச்ச ஸ்கோர்' பக்கம் அது. விண்கல் சுடும் ஆட்டத்தில் எப்போதும் இரண்டே பேர்தான் மோதுவார்கள். ஒருவர் 'கரடி', இன்னொருவர் 'கரப்பான்'. ஒரு மாதம் கரடி முதலிடம், மறுமாதம் கரப்பான். 'விடாப்பிடிப் போட்டி!' என்று மாதாமாதம் தலைப்பு வைத்துப் பூரித்துப்போனவள் இவள்தான்.

"வித்தியாசத்தைப் பாருங்க சார். ஒவ்வொரு தடவையும் சரியா பத்துப் பாயிண்ட். அதாவது ஒரே ஒரு விண்கல்லு! நிஜமா ஆடினா இப்படி வருமா? டிவி கண்ணாடியில படம் எடுக்கிறவன் முகம் தெரியுது பாருங்க. ரெண்டுலயும் அதே நெத்தி, அதே மூக்கு. ஒரே ஆளு ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு ஆடறான்."

ஆசிரியர் படங்களைத் தள்ளிவைத்தார். "விடும்மா. எப்படியும் அந்தப் பக்கத்தைப் புது இதழ்ல எடுத்துடலாம்னு இருக்கேன். அந்த ரெண்டைத் தவிர வேற யாரு அனுப்பறாங்க?"

"எடுங்க. ஆனா கடைசி அச்சு இதழ்ல இவனைத் தோலுரிச்சிட்டுதான் எடுக்கணும். தனியா ஆடணும், சொந்தப் பேர் ஒண்ணுதான் வெச்சுக்கணும்னு விதியில எவ்வளவு தெளிவா போட்டிருக்கோம்!"

படங்களின் பின்பக்கம் முகவரியும் ஃபோன் நம்பரும் இருந்தன. முதலில் கரப்பானை ஃபோனில் பிடித்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"அது நான் வெச்சதில்லை மேடம். சின்ன வயசுல எங்கண்ணன் வெச்சது. அவருக்குக் கரடின்னு வெச்சது நானு."

கேட்க வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"கரடி... உங்க அண்ணனா?"

"ஆமா மேடம். பேச்சுவார்த்தை இல்லை. அம்மா படுக்கையில கிடந்தப்ப, யார் பார்த்துக்கிறதுன்னு ஒரு சண்டை. அவர் ஒரு வார்த்தை சொன்னார், நான் ஒன்பது சொல்லிட்டேன். பதிமூணு வருஷமாச்சு. மறு வருஷம் உங்க புத்தகத்துல கரடின்னு பேரைப் பார்த்தேன். உடனே நானும் கரப்பான்னு போட்டு அனுப்பினேன்."

"அது சரி, ஏன் பத்தே பாயிண்ட்?"

"அதுக்கு மேல சுட மாட்டேன். கப்பலை வேணும்னே கொண்டுபோய் மோதிடுவேன். எக்கச்சக்கமா ஏறிட்டா அண்ணனால எட்ட முடியாது, விட்டுடுவார். மாசாமாசம் ஒரு கல்லு ஏறினாதானே, மனுஷன் நல்லா இருக்கார்னு எனக்குத் தெரியும்?"

ஃபோனை வைத்த கையோடு அடுத்த நம்பரை அழுத்தினாள்.

கரடிக்குக் குரலும் கரடிக் குரல்தான். அவளைக் கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"அவனா? சின்ன வயசுலேர்ந்தே தோத்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிடுவான் மேடம். அதான் அவனுக்கு எட்டற தூரத்துலயே நிறுத்திடுவேன். நெனச்சா நான் எங்கியோ போயிடுவேன். இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லலை."

"மேடம், புத்தகம் இனிமே ஃபோன்லதான் வருமாமே? அப்ப ஸ்கோர் படமும் அதுலதானே அனுப்பணும்? என்கிட்ட இருக்கிறது பட்டன் ஃபோன். இந்த ஏத்தறது, இறக்கறது ஒரு மண்ணும் தெரியாது. யாரைப் போய்க் கேட்கறதுன்னும் தெரியலை. அடுத்த மாசம் என் கல்லு வரலைன்னா, அவன் வேற எதையாவது நெனச்சுக்குவான் மேடம்."

அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒரு வாசகரின் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. அவளே எழுதி எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தாள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மறுபடி கரப்பானைக் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணனுக்கு ஃபோன்ல பார்க்கத் தெரியாதாம். யாராவது நேர்ல போய்ச் சொல்லிக் கொடுத்தாதான் உண்டு. முகவரி எழுதிக்கிறீங்களா?"

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது.

முதல் இலவச இதழுக்கான வேலை நடந்தது. ஆசிரியரோடு மல்லுக்கட்டி 'உச்ச ஸ்கோர்' பக்கத்தை அவள் காப்பாற்றிவிட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் வந்து இறங்கிய முதல் ஸ்கோரை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பத்துப் பத்தா ஏறினது, ஒரே பாய்ச்சல்ல நாப்பதாயிரம் ஏறியிருக்கு!"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். டிவி கண்ணாடியில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. அதே நெற்றி, அதே மூக்கு. கீழே ஒரு குறிப்பு: 'கப்பலை ஓட்டியது கரடி. சுட்டது கரப்பான்.'

"தனியா ஆடணும்னு நீதானே விதி பேசினே? இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடியிருக்காங்களே, இது ஃபிராடு இல்லையா?"

"ஆமா சார், சுத்த ஃபிராடு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை முதலிடத்தில் போட்டாள்.