இறங்கிய எண்

இடிந்து புகைந்துகொண்டிருந்த ரசாயன ஆலையின் குழிக்குள், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இருமியபடியே இறங்கினான் மச்சினன்.

“என்னடா இருமல்?” மேலே டீயுடன் நின்ற மாமா கேட்டார்.

“தூசி மாமா. நீங்க டீயைக் குடிச்சுட்டு வாங்க.”

மீட்புப் படையில் இரும்பு நெஞ்சுக்காரன் என்று பெயரெடுத்தவன் அவன். அதே படையில் இருந்த மாமாவுக்கோ சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவரைப் போன்றவர்கள் தினமும் காலையில் மூச்சின் பலத்தை அளக்கும் ஊதுகுழாயில் ஊதவேண்டும்; எண் கைபேசி வழியாகத் தானாகவே டாக்டருக்குப் போய்விடும். எண் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டீ பாதி இருக்கும்போதே டாக்டரம்மா வீடியோவில் வந்துவிட்டார்.

“உடனே வெளிய வாங்க! முந்தாநாள் ஐந்நூறு ஊதினீங்க. நேத்து நானூறு. இன்னிக்கு வெறும் இருநூறு!”

“நான் வெளியதான் இருக்கேன் டாக்டர். நல்லாத்தான் இருக்கேன்.”

“இருநூறுங்க! அந்தப் புகையில இன்னும் கால் மணி நேரம் நின்னா உயிர் தங்காது.”

டீயைப் போட்டுவிட்டு மாமா குழியை நோக்கி ஓடினார். படைத்தலைவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஆஸ்துமாவை வச்சுக்கிட்டு எங்கய்யா ஓடறே?”

“மச்சினனை மேல தூக்குங்க சார்!”

“அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான். போன் வந்தது உனக்குத்தானே?”

சொல்லிக்கொண்டே தலைவர் கயிற்றை இரண்டு முறை சுண்டினார். பதிலுக்குக் கீழேயிருந்து அவன் சுண்டவேண்டும். கயிறு சும்மா கிடந்தது.

மாமா கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

“என் வேலை போயிடக்கூடாதுன்னு, மூணு நாளா எனக்குப் பதிலா ஊதினது அவன்தான் சார்.”