அமைதித் திருவிழாவில் ஒரு பிரசவம்

மூங்கில்பாடிக்கு மாநில அரசு சுற்றுலா மானியம் தருவதே அந்த ஊரின் அமைதிக்காகத்தான். ஆண்டுக்கொரு முறை, சத்தமே இல்லாத மலையில் உட்கார்ந்திருக்க நகரத்து மக்கள் வருவார்கள். அன்று வண்டிகள் ஓடக்கூடாது, ஊரார் வாய் திறக்கக்கூடாது. கம்பங்களில் பொருத்திய ஒலிமானிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஆண்டு விழா தொடங்கிய காலையில் தேன்மலருக்கு இடுப்புவலி கண்டது. ஆம்புலன்ஸை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நர்ஸ் ஜெசிந்தா மட்டும் நடந்தே மலையேறி வந்தாள்.

ஊராட்சித் தலைவர் கதிரவேல் வாசலில் நின்று கிசுகிசுத்தார்.

"வாயில துணி வச்சுக்கம்மா. சத்தம் கேட்டா மானியம் போயிடும். அதுலதான் நமக்கு ரோடே போட்டாங்க."

"அந்த ரோட்டுல எனக்கு ஒரு வண்டி வரல. உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள் தேன்மலர்.

ஜெசிந்தா எழுந்து ஜன்னலை அகலத் திறந்தாள்.

"கத்துடி கண்ணு. நல்லா கத்து."

தேன்மலர் கத்தினாள். சரிவில் கண்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார்.

நண்பகலில் பெண் குழந்தை பிறந்து வீரிட்டு அழுதது. வலி நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் தேன்மலர் வாசல் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள்.