நட்டமா நிக்கோணும்

சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்தது.

படம் வரவில்லை.

வராது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் படியேறும்போது அவன் கும்பிடாத சாமி இல்லை.

ஆளுயரப் பெட்டி. காசு போட்டு விளையாடுகிற பழைய வீடியோ கேம். பூங்காவுக்கு எதிரில் கடை வைத்திருந்த காலத்தில் தங்கமுத்து வாங்கியது. கடை போய்விட்டது. சர்க்கரை வியாதியில் அவர் கண்ணும் போய்விட்டது. கோடவுனில் கிடந்த பெட்டிகளில் இந்த ஒன்றை மட்டும் மகன் வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார்.

காலையில் பெட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, ஏற்றிப்போக வண்டியோடு வந்த அவனிடம் சொன்னார்.

"நட்டமாவே கொண்டாங்க தம்பி. எக்காரணம் கொண்டும் படுக்க வெச்சராதீங்க. உள்ளார இருக்கற பிக்சர் டியூபுக்குக் கழுத்து சன்னம்."

இருபது வருடமாக பீரோ தூக்குகிறவனுக்கே பாடமா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோவையே மல்லாக்கப் போட்டுக் கொண்டுபோகிறவன் அவன்.

ஆனாலும் ஒழுங்காகத்தான் கட்டினான். சுற்றிலும் போர்வை, மூலைக்கு அட்டை, குறுக்கே இரண்டு பட்டைக் கயிறு. பெட்டி நட்டமாக நின்றது. பெரியவர் ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்.

ரயில் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. அடியில் போனால் பெட்டி மேலே ஒரு சாண் இடிக்கும்.

சுற்றிப்போனால் ஏழு கிலோமீட்டர். நல்ல வெயில் வேறு.

சோம்பல்தான். வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய்.

அவனும் கூட்டாளியும் கயிற்றை அவிழ்த்து, பெட்டியை வண்டியில் கிடந்த மெத்தைமேல் மல்லாக்கச் சாய்த்தார்கள். துருப்பிடித்த திருகிலிருந்து ஏதோ கழன்று உள்ளே உருண்டது.

டக்.

பிறகு சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல ஒரு சீறல். சீக்கிரமே அடங்கிவிட்டது.

பாலம் தாண்டியதும் மறுபடி நிமிர்த்திக் கட்டினான். போர்வையின் மடிப்பைக்கூட முன்பிருந்த மாதிரியே வைத்தான். அந்த மடிப்பை நினைத்தபோதுதான் இப்போது உடம்பு கூசியது.

கூட்டாளி கீழே வண்டியில் இருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை.

"படம் தெளிவா இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குதுங்கய்யா."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

தங்கமுத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இடது கை விமானத்தைத் திருப்புகிற குச்சியைப் பிடித்தது, வலது கை பொத்தானைக் கண்டுபிடித்தது. விமானம் இரைந்தது, குண்டு வெடித்தது. தலையைச் சாய்த்து, சத்தம் வந்த பக்கமெல்லாம் சுட்டார். ஒருதரம் சுட்டது பட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

கறுத்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் அவன் முகமும் தெரிந்தது.

அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

பாட்டு இழுத்து ஓய்ந்தது. ஆட்டம் முடிந்தது.

"பாயிண்ட் எவ்வளவு வந்துருக்குதுங்க தம்பி? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது. நிறையச் சொல்லிவைப்போம், பெரியவர் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தான். அதற்கு நல்ல மனசு என்று தனக்குள் பேரும் வைத்துக்கொண்டான்.

"பதினெட்டாயிரங்கய்யா."

அவர் கை குச்சியிலேயே இருந்தது.

"பத்தாயிரம் தாண்டுனா ஒரு மணி அடிக்கும் தம்பி."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. எழுந்து, பெட்டியின் பக்கவாட்டை மேலிருந்து கீழாகத் தடவினார்.

"வழியில எங்காச்சும் படுக்க வெச்சீங்களா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அவர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, இதை வாயால் சொல்ல வேண்டும்.